கண்மூலையில் இரண்டு நிமிடம்

வாப்பா, நேற்றுப் பின்னேரம் உம்மா ஃபிரிஜ்ஜைத் துடைத்தா. நோன்பு வருகிறதென்றால் அவவுக்குக் குசினி முழுக்கத் தலைகீழாக வேண்டும், உங்களுக்குத் தெரியும். கதவுத் தட்டில், முட்டை வைக்கிற குழிக்குள் இருந்த இரண்டு சின்னப் போத்தல்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

“மகன், இதுல வாப்பாட எது, உன்ட எது?”

இரண்டும் ஒரே கண் துளி. ஒரே மஞ்சள் மூடி. இரண்டிலும் என் கையெழுத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்: ‘திறந்தது’ என்று எழுதி, கீழே திகதி. வேலைத்தலத்தில் பிரஷர் கேஜ்களில் ஒட்டுகிற அதே டேப். திறந்து நாலு கிழமை போனால் மிச்சம் இருந்தாலும் எறிய வேண்டும் என்பது விதி. அந்த விதியை வீட்டில் கத்திக் கத்திச் சொன்னவன் நான். உங்கள் போத்தல் திறந்து ஒரு வருசத்துக்கு மேலாகிறது.

“எது எதெண்டு பிறகு செல்றன் உம்மா” என்று இரண்டையும் வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவ முட்டைகளை வேறு தட்டுக்கு மாற்றினா.

அதனால்தான் இது. எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. ரிப்போர்ட் எழுதத் தெரியும். என்ன பழுது, எப்போது கண்டது, யார் கவனிக்கவில்லை, என்ன செய்தது. அந்த ஒழுங்கில் எழுதப் பார்க்கிறேன். சில இடத்தில் பிசகும்.

பழுதை முதலில் காட்டியது டயர்.

வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் ஏற்றுகிற லோஞ்சுக்கு நீங்கள்தான் தண்டயல். நான் பிறக்க முதலே சுக்கான் உங்கள் கையில். லோஞ்சின் இரண்டு பக்கமும் பழைய டயர்கள் தொங்கும், இறங்குதுறையில் உரசினாலும் பலகைக்குச் சேதம் வராமல். ஒரு நாள் என்ஜின் சத்தம் சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டீர்கள். எண்ணெய்க் குழாயைப் பார்த்துவிட்டு நிமிரும்போது கண்டேன். வலப்பக்கத்து டயர்கள் நல்லாய் இருந்தன. இடப்பக்கத்து டயர்கள் எல்லாம் கிழிந்து உள்கம்பி வெளியே தெரிந்தது.

“வாப்பா, ஏன் ஒரு பக்கம் மட்டும்?”

“நீரோட்டம் மகன். சோளகக் காத்து தொடங்கினா அப்பிடித்தான் இழுக்கும்.”

“இழுத்தா இழுக்கட்டும். போற நேரம் ஒரு பக்கம் இழுத்தா வாற நேரம் மற்றப் பக்கம் இழுக்கோணுமே.”

“நீ கேஜ் பாக்கிறவன். கேஜைப் பாரு. கடல எனக்கிட்ட விடு.”

விட்டேன். ஒரு பக்கம் மட்டும் தேய்கிற எந்த இயந்திரத்தையும் நான் அப்படி விட்டதில்லை. உங்களை விட்டேன்.

பிறகு வீட்டிலும் அதே இடப்பக்கம்தான். இடது கைப்பக்கம் வைத்த தேத்தண்ணிக் கோப்பை மூன்று உடைந்தது. உங்கள் இடது தோளில் கதவு நிலை பட்ட நீலம். உம்மா வாசல் சின்னது என்றா, நீங்கள் கோப்பையை யாரோ தள்ளி வைத்தார்கள் என்றீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. எல்லா விளக்கமும் நம்பக்கூடியதாகவும் இருந்தது.

கடைசியில் றிஸ்வான்தான் என்னைத் தேடி வந்தான். லோஞ்சின் முன்பக்கம் நின்று கயிறு பிடிக்கிறவன், உங்களோடு பத்து வருசம், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்கிறவன். கப்பல்துறைக்கு அங்கால் இருக்கிற எங்கள் தொழிற்சாலை வாசலில் மோட்டர் சைக்கிளை நிற்பாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்.

“நானா, நான் செல்லினதெண்டு செல்லிப்போடாதீங்க. இண்டைக்கு ஒரு வள்ளம் தப்பினது அல்லாஹ்வாலதான். இடப்பக்கம், வெட்ட வெளிச்சத்தில, தூண்டில் போட்டுக்கிட்டிருந்த மனிசன். நான் கத்தினதுக்குப் பொறகுதான் உங்கட வாப்பா ரிவர்ஸ் போட்டாரு. அந்த மனிசன் எழும்பி நிண்டு கேட்டான், கண்ண வீட்டுல வெச்சிட்டா வந்த எண்டு.”

“வாப்பா என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு நானா. சிரிச்சிட்டு எனக்கிட்ட மெதுவாக் கேட்டாரு, வள்ளம் எங்கால வந்த எண்டு.”

அடுத்த நாளே உங்களைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடையில் கண் பார்க்கிறவர் ஏதோ விளக்கால் உங்கள் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, கண்ணாடி மாற்றித் தருவதற்குப் பதிலாக ஒரு துண்டு எழுதிக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே அந்த டொக்டர். சின்ன உருவம், பெரிய பொறுமை. குளுக்கோமா என்றா. நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினேன். உங்களுக்கு வெட்கமாய் இருந்திருக்கும். என் சட்டையைப் பின்னால் இருந்து இரண்டு தரம் இழுத்தீர்கள்.

அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். கண்ணுக்குள் ஒரு தண்ணி ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது உள்ளுக்குள். ஊறுகிற தண்ணி கண்ணின் ஓரத்தில் இருக்கிற ஒரு சல்லடையால் வெளியே போக வேண்டும். உங்களுக்கு அந்தச் சல்லடை சரியாய் விடுவதில்லை. வரத்து அதே அளவு, போக்கு குறைவு. அப்போது அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் பின்னால் இருக்கிற நரம்பை நெரிக்கும். கண்ணில் இருந்து மூளைக்குப் போகிற வயர் கட்டு அது. வயர் ஒவ்வொன்றாய்ச் சாகும். ஓரப் பார்வை முதலில் போகும், நடு கடைசியில். நேரே பார்க்கிறதெல்லாம் நல்லாய்த் தெரிகிறபடியால் ஆளுக்குச் சந்தேகமே வராது.

“அப்ப அந்த ஃபில்டரைக் கழட்டிக் கழுவ ஏலாதா?” என்றேன்.

டொக்டர் சிரித்தா. “கழட்ட ஏலாது தம்பி. சில ஆக்களுக்கு லேசர் அடிச்சு அதைக் கொஞ்சம் வேலை செய்ய வைக்கலாம். சில ஆக்களுக்கு ஒபரேஷன் செய்து தண்ணி போக வேற வழி வெட்டலாம். அப்பாவுக்கு முதல்ல துளி மருந்து. இது தண்ணி ஊறுறதைக் குறைக்கும். காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஒரு நாளும் விடக்கூடாது.” ஆஸ்துமா இருக்கா, நெஞ்சு வருத்தம் இருக்கா என்றும் கேட்டா. இல்லை என்றீர்கள்.

“போன பார்வை எப்ப திரும்பும்?” இதையும் நான்தான் கேட்டேன்.

“திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து.”

நான் கதிரையைப் பழைய இடத்துக்குப் பின்னுக்கு இழுத்தேன்.

அன்றைக்கே பார்வைப் பரப்பைச் சோதிக்கிற மெஷினில் உங்களை இருத்தினார்கள். வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று. அதற்குள் முகத்தை நுழைத்து நாடியை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமத்த வேண்டும். வெளியே வந்து பெருமையாய்ச் சொன்னீர்கள்.

“தெரிஞ்ச வெளிச்சத்துக்கெல்லாம் அமத்தினன் மகன். ஒண்டும் விடல்ல.”

கடதாசியில் உங்கள் இடது கண் நடுவில் ஒரு சின்ன வெள்ளை தவிர முழுக்கக் கறுப்பு. வலது கண்ணில் மூக்குப் பக்கம் கறுப்பு தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இரண்டிலும் கறுப்பாய் இருப்பது இடப்பக்கம், அந்த வள்ளம் வந்த இடம்.

“இந்தக் கறுப்பு எனக்குத் தெரியிறல்லையே” என்று டொக்டரிடம் காட்டினீர்கள். “கறுப்பா ஒண்டுமில்ல. எல்லாம் வெளிச்சமாத்தான் இரிக்கி.”

“கறுப்பாத் தெரியாது ஐயா. அந்த இடத்தை மூளை தன்ட பாட்டில நிரப்பிப்போடும். பக்கத்தில கடல் எண்டா அங்கயும் கடல் எண்டு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் யன்னல் பக்கம் இருந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். எது உண்மையான கடல், எது மூளை போட்ட கடல் என்று பார்த்திருப்பீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நான் போனில் அந்த மருந்தின் பேரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கண் அழுத்தத்தின் முதல் அளவு இருபத்தெட்டு. துளி தொடங்கின பிறகு பதினாறு. அடுத்த கிளினிக்கில் பதினைந்து. அதற்கடுத்தது பதினாலு. எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அழுத்தம் என் தொழில். கொம்பிரசர், கொதிகலன், குழாய் எல்லாவற்றுக்கும் கேஜ் பார்த்து, பிழையென்றால் கழற்றி, சரியென்றால் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறவன். உங்களையும் மனதில் டேப் ஒட்டி விட்டேன். நீங்கள் சுக்கானில் இருக்கிறதை ஏனென்று கேட்கவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். “கழுத்துக்கும் ஸ்டியரிங் போட்டாச்சு” என்று றிஸ்வானிடம் பகிடி விட்டீர்களாம்.

அடுத்த வருசம் மெஷின் சோதனை திரும்பச் செய்தார்கள். வலது கண்ணின் கறுப்பு கூடியிருந்தது. அழுத்தம் பதினாலு, ஆனால் கறுப்பு கூடியிருக்கிறது. டொக்டர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தா.

“துளி ஒழுங்காப் போடுறீங்களா ஐயா?”

“ஓம் டொக்டர்.”

“ஒரு நாளும் விடுறல்ல” என்றேன் நானும், கேட்காமலே.

சிலருக்கு அழுத்தம் குறைவாய் இருந்தாலும் நரம்பு கெடும் என்றா. அப்படியென்றால் இன்னும் குறைக்க வேண்டும், அடுத்த முறை ஒபரேஷனைப் பற்றிக் கதைப்போம் என்றா. நான் வெளியே வந்து அவவைத் திட்டினேன். மருந்து பிழை, டொக்டருக்குத் தெரியாது, கொழும்புக்குப் போவோம். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். படியில் இறங்கும்போது, “டொக்டர ஏசாத மகன், அது நல்ல புள்ள” என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்தக் கிழமை உங்கள் அலுமாரி லாச்சியில் ஸ்குரூ டிரைவர் தேடினேன். ஸ்குரூ டிரைவர் கிடைக்கவில்லை. சீல் உடைக்காத துளிப் போத்தல்கள் மூன்று கிடைத்தன. ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். முட்டைக் குழிக்குள் இருந்த போத்தலில் என் டேப். திறந்த திகதி நோன்புக்கு முதல் கிழமை. நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் வரப்போகிறது. போத்தலில் பாதி அப்படியே கிடக்கிறது.

நீங்கள் அசர் தொழுதுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் அந்த மூன்றையும் ஃபிரிஜ்ஜில் இருந்த ஒன்றையும் மேசையில் நிரையாய் வைத்தேன்.

“இது என்ன?”

“மருந்து.”

“கண்ணுக்கு ஊத்துற மருந்தா, லாச்சிக்கு ஊத்துற மருந்தா?”

சொல்லத் தொடங்கினீர்கள். நோன்பில் துளி விட்டால் கொஞ்சத்தில் தொண்டைக்குக் கசப்பு இறங்குகிறது, நோன்பு முறிந்துவிடும் என்று நிறுத்தினீர்கள். ஒரு மாசம் ஊத்தாமல் விட்டும் கண்ணில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நோகவில்லை, சிவக்கவில்லை. அப்போது இது என்னத்துக்கு என்று நினைத்தீர்கள்.

“அப்ப கிளினிக்கில பதினாலு எப்பிடி வந்த?”

“போறதுக்கு மூணு நாளைக்கு முதல்ல ஊத்தத் தொடங்குவன்.” தொப்பியை மடித்துக்கொண்டே, “விருந்தாளி வாற நேரம் முத்தத்தக் கூட்டுறல்லையா, அது மாதிரி. அந்தப் புள்ளட மனசு நோகப்படாதே.”

வாப்பா, இதை நான் உங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. பரிசோதகர் வருகிற நாளில் மட்டும் பிரஷரை இறக்கி வைக்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கிறதில் நான் கெட்டிக்காரன். அதில் எனக்கு ஒரு பேரே இருக்கிறது. என் வீட்டில், என் டேப் ஒட்டின போத்தலில், அதே வேலையை என் வாப்பா செய்கிறார், நான் பதினாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கோபம் உங்கள் மேல் வந்தது பாதிதான்.

ஆனால் முழுவதையும் உங்கள் மேல் கொட்டினேன். “நீங்க குருடாத்தான் போகப்போறீங்க. போற நேரம் லோஞ்சில ஏறினவன் எல்லாரையும் சேர்த்துக் கொண்டு போங்க” என்றேன். உம்மா குசினி வாசலில் கரண்டியோடு நின்றா. நீங்கள் தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். போகும்போது இடது தோள் நிலையில் இடிபட்டது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் லோஞ்சு முதலாளியின் வீட்டில். கடதாசிகளை விரித்துக் காட்டினேன். அவர் அன்றைக்கே உங்களிடம் லோஞ்சுத் திறப்பை வாங்கிக்கொண்டார். பின்னேரம் நீங்கள் வீட்டுக்கு வந்தது பிளாஸ்குடனும், சுக்கானுக்குப் பின்னால் போட்டு இருக்கிற அந்தப் பச்சைக் குஷனுடனும். இரண்டையும் மேசையில் வைத்தீர்கள், நான் போத்தல்களை வைத்த அதே இடத்தில். பிறகு பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் எண்ணினேன்.

நான் செய்தது சரி. இப்போதும் சொல்கிறேன், அந்தக் கண்ணோடு பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒருவர் கடலுக்குப் போகக்கூடாது. சரியான வேலையைச் செய்தவன் ஏன் பதினொரு நாள் சோறு இறங்காமல் திரிந்தான் என்பதற்குத்தான் என்னிடம் விளக்கம் இல்லை.

உம்மா ஒரு நாள் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டா, “நீ அவரிட்ட ஒரு தரம் கேட்டியா, எப்பிடி ஊத்தினா உங்களுக்குச் சுகம் எண்டு? சத்தம்தானே போட்ட.”

கேட்கவில்லை. துளி எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு, எந்தத் தட்டில் வைக்கிறது எல்லாம் சொன்னேன். கேட்டது ஒன்றுமில்லை. காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. விடியப்புறச் சாப்பாடான சஹர் முடிய முதல் ஒன்று, நோன்பு துறந்த பிறகு ஒன்று. நோன்பு மாசத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு மருந்து. இதைக் கண்டுபிடிக்க டிப்ளோமா தேவையில்லை. பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் போதும். நான் அந்த ஐந்து நிமிடத்தைத் தரவில்லை.

கேட்டது நீங்கள்தான். பள்ளிவாசல் மௌலவியிடம் தனியாகப் போனீர்கள். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வந்து, என்னைப் பார்க்காமல், என்னைத் தவிர வேறு யாரும் இல்லாத அறையில் சொன்னீர்கள்.

“மௌலவி செல்றாரு, கண்ணுல ஊத்துறது நோன்ப முறிக்காதாம். மனசு ஒப்பல்ல எண்டா சஹருக்கும் மஃரிபுக்குப் பொறகும் ஊத்தட்டாம். அல்லாஹ் கண்ண எறியச் சொல்லல்ல எண்டு ஏசினாரு.”

“ம்.”

“அடுத்த கிளினிக் எப்ப?”

அந்தக் கிளினிக்கில் டொக்டர் ஒபரேஷன் கடதாசியை எடுக்க முதல் நீங்கள் கதிரையின் நுனிக்கு வந்தீர்கள். “டொக்டர், நான் பொய் செல்லிட்டன். மருந்து ஊத்தல்ல. உங்களுக்காக மூணு நாளைக்கு மட்டும் ஊத்தினனான்.” எழுபதை எட்டப்போகிற மனிசன், கடலில் யாருக்கும் தலை குனியாதவர், அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஸ்கூல் பிள்ளை மாதிரி. நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். ஒருத்தனும் தானாகச் சொன்னதில்லை.

டொக்டர் ஏசவில்லை. “நிறையப் பேர் இப்பிடித்தான் ஐயா. நீங்கள் சொன்னதால நான் பிழையான முடிவு எடுக்காமல் தப்பினன்” என்றா. ஒபரேஷனைத் தள்ளி வைத்தா. கசப்பைப் பற்றிச் சொன்னபோது உங்கள் கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலை மூக்கோரம் கண்ணின் உள்மூலையில் வைத்தா. “இதில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதாலதான் மருந்து மூக்குக்குப் போய்த் தொண்டைக்கு இறங்குது. துளி விட்ட உடனே கண்ணை மூடி, இதை அமத்திப் பிடியுங்கோ. இரண்டு நிமிசம். கசப்பு நல்லாக் குறையும். மருந்தும் கண்ணிலயே நிக்கும், நெஞ்சுக்கும் நல்லது.”

ஒரு வால்வு, விரலால் மூடுகிற வால்வு. ஒரு வருசமாய் நான் அந்த மருந்தைப் பற்றி வாசிக்காத பக்கமில்லை. இதை வாசித்தும் இருந்தேன். முக்கியமில்லை என்று தாண்டிப் போயிருந்தேன்.

அன்றையில் இருந்து துளி விடுகிறது என் வேலை. உங்கள் கை நடுங்கி மருந்து கன்னத்தில் போகும், அதனால். காலையில் நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் துளியை விட்டுவிட்டு நிற்பேன். நீங்கள் கண்ணை மூடி, விரலை வைத்து, உதடு மட்டும் அசைய ஒரு சின்ன சூறாவைத் திரும்பத் திரும்ப ஓதுவீர்கள். அரை நிமிடத்தில் “போதும் வாப்பா, பஸ் போகுது” என்பேன். நீங்கள் கண்ணைத் திறக்காமல் மற்றக் கையை உயர்த்துவீர்கள். லோஞ்சு கரைக்கு வரும்போது கயிறு எறியப் பொறு என்று றிஸ்வானுக்குக் காட்டுகிற அதே கை. நானும் அப்படியே நிற்பேன். ஒரு நாள் ஸ்டொப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து செக்கன். ஒவ்வொரு நாளும் அதே பத்து செக்கன் கூட.

“உன்ட வாட்ச் முந்துது” என்றீர்கள்.

மிச்சக் காலம் உங்கள் கண் இருந்த இடத்திலேயே நின்றது. துளி போடாத அந்த மாசங்களில் போனது போனதுதான், ஒரு துண்டும் திரும்பவில்லை. ஆனால் மேலும் போகவில்லை. சுக்கானை றிஸ்வான் பிடித்தான். நீங்கள் லோஞ்சின் முன்னால் குஷனைப் போட்டு இருந்துகொண்டு, தலையை இடமும் வலமும் திருப்பி, அவனுக்குத் திசை சொன்னீர்கள். “வாப்பா வாயால ஓட்டுறாரு” என்று அவன் சொல்லித் திரிந்தான். கடைசி வரைக்கும் நேரே இருந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. என் முகம் உட்பட.

ஒரு நாள் அங்கே கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “நீ முதலாளிட்ட செல்லினது சரிதான் மகன். எனக்கிட்ட செல்லிட்டுப் போயிருக்கலாம்.” நான் கயிற்றின் மற்ற நுனியை எடுத்து உங்களிடம் தந்தேன். இப்போது வேலையில் யாராவது கேஜில் விளையாடியிருந்தால், மேலதிகாரிக்கு எழுத முதல் அவனிடம் போகிறேன். ஏன் செய்தாய் என்று கேட்கிறேன். பாதிப் பேர் பொய் சொல்வார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனது நெஞ்சு வருத்தத்தால், கண்ணால் இல்லை. அன்றைக்குக் காலையிலும் துளி விட்டோம்.

டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தா, இது குடும்பத்தில் வரும், பிள்ளைகளும் கண்ணைக் காட்ட வேண்டும் என்று. உங்களோடு எத்தனையோ கிளினிக் வந்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள், “இவனையும் ஒருக்காப் பாருங்க டொக்டர்” என்பீர்கள். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். எனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே. உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து உம்மா பிடரியில் கை வைத்துத் தள்ளாத குறையாய் அனுப்பினா. அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் நாடியை வைத்தேன். மின்னினதுக்கெல்லாம் அமத்தினேன். வெளியே வந்து, டொக்டர் எப்படி என்று கேட்க, சொன்னேன்:

“ஒண்டும் விடல்ல டொக்டர்.”

சொல்லி முடிய முதலே எனக்குக் கேட்டது, யாருடைய குரல் என்று. அவவுக்கும் கேட்டிருக்கும். கடதாசியை என் பக்கம் திருப்பி வைத்தா. இடது கண்ணில், மூக்குப் பக்கம், ஒரு சின்னக் கறுப்பு. அழுத்தம் இருபத்தாறு.

இப்போது ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதி. யார் கவனிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த மஞ்சள் மூடிப் போத்தல் எனக்கு வந்து முதல் மாசம், எட்டு நாள் துளி போடாமல் விட்டுவிட்டேன். நோன்பும் இல்லை, கசப்பும் இல்லை, ஒரு காரணமும் இல்லை. அவசரம். எனக்கு எல்லாம் வெளிச்சமாய்த்தான் தெரிகிறது. உம்மா கேட்டா, ஊத்தினியா என்று. ஊத்தினன் என்றேன். பிறகு டேப்பில் இருக்கிற திகதியையும் போத்தலில் இருக்கிற மிச்சத்தையும் பார்த்தேன். உங்களை மேசைக்கு முன்னால் நிற்பாட்டின அதே கணக்கு. அன்றைக்கு என்னை ஏசுவதற்கு வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. உம்மாவிடம் போய் நானே சொன்னேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் அதைக் கதிரையின் நுனியில் இருந்து ஒரு வசனத்தில் செய்தீர்கள்.

இன்றைக்கு முதல் நோன்பு. சஹருக்கு உம்மா எழுப்பினா. ஃபிரிஜ்ஜைத் திறந்து இரண்டு போத்தலையும் எடுத்தேன். உங்கள் போத்தலில் இருந்து டேப்பை மெதுவாக உரித்து, நான் வேலைக்குக் கொண்டுபோகிற குறிப்புப் புத்தகத்தின் உள்மட்டையில் ஒட்டினேன். போத்தலை உம்மாவிடம் நீட்டினேன்.

“இதுதான் வாப்பாட. எறியுங்க. காலம் முடிஞ்சு.”

அவ அதைக் கையில் வைத்து ஒரு தரம் உருட்டிப் பார்த்தா. பிறகு குப்பை வாளிக்குள் போட்டா. போட்ட சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

நான் நிமிர்ந்து என் கண்ணில் துளியை விட்டேன். மூடினேன். மூக்கோரம் விரலை வைத்தேன். ஸ்டொப்வாட்ச் மேசையில் இருக்கிறது, எடுக்கவில்லை. உங்கள் சூறாவைத் தொடங்கினேன், உங்கள் வேகத்தில்.

“மகன், சோறு ஆறுது. பாங்கு சொல்லப் போறாங்க.”

கண்ணைத் திறக்காமல் மற்றக் கையை உயர்த்தினேன். உம்மா கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் நின்றுபோனது. அவ என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா என்று மூடின கண்ணுக்குத் தெரிந்தது.

பத்து செக்கன் கூடத்தான் போயிருக்கும். விரலை எடுத்தேன். தொண்டைக்குக் கசப்பு வரவில்லை, வாப்பா.